ஒரு கோட்டையும் ஏழு மரக்காலும்

மேற்கே மின்னல் வெட்டியதுதான் தாமதம், குற்றாலநாதன் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "லாபமே லாபம்... ரெண்டே ரெண்டு... மூணே மூணு..." என்று ராகம் இழுக்க ஆரம்பித்துவிட்டார். பாதுஷாவின் டீக்கடையில் கிளாஸும் கையுமாக நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். இந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. இருமினாலும் முறைப்பார். ஒன்பதாவது எண்ணில் இடி மெதுவாகக் குமுறியது.

"ஒம்பது மரக்கால். புளியங்குடிக்கும் நமக்கும் நட்ட நடுவுல. இங்கன வராது, குடையை மடக்குங்க வே" என்றார். குடையை மடக்கினார்கள். மழையும் வரவில்லை.

அவருக்கு வானசாஸ்திரமும் தெரியாது, பஞ்சாங்கமும் தெரியாது. சங்கரன்கோவில் தானிய மண்டியில் முப்பது வருஷமாக அளவுக்காரர், அவ்வளவுதான். மண்டிக்கு வரும் சோளமோ கம்போ நெல்லோ, அவர் மரக்காலில் ஏறி இறங்காமல் வெளியே போகாது. முப்பது வருஷமாகக் குனிந்து அள்ளியதில் வலது கை மட்டும் பயில்வான் கை. இடது கை ஏதோ பள்ளிக்கூட வாத்தியாருடையது மாதிரி இருக்கும். சட்டை போட்டால் வலது கைப்பக்கம் பிடிக்கும் என்பதால் சட்டையே போடுவதில்லை. தோளில் ஒரு துண்டு, இடுப்பு மடியில் எந்நேரமும் ஒரு பிடி தானியம்.

அளவுக்காரர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். மண்டியோடு விட்டால் தேவலை. குற்றாலநாதன் வீட்டிலும் அப்படித்தான். இலையில் விழும் முதல் இட்லி லாபம். குளிக்கும்போது தலையில் ஊற்றும் முதல் செம்பு லாபம். "என்னைக் கெட்டினதும் லாபக் கணக்குலதானா, இல்லே ரெண்டுலயா?" என்று அவர் மனைவி பார்வதியம்மாள் கேட்டாளாம்.

மரக்கால் உள்ளே போய், நிரம்பி, தலை தட்டி, சாக்கில் கவிழ்கிற வரைக்கும் எண்ணும் ராகமாக நீளும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. தாலுகா கச்சேரி கடிகாரம்கூடச் சில நாள் சோம்பல் படும், இவர் வாய் படாது. இருபத்தொரு மரக்கால் ஆனால் ஒரு கோட்டை. கோட்டை முடிந்ததும் மரக்காலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பிடி தானியத்தை எடுத்துப் பக்கத்திலிருக்கும் சாக்கின் மேல் அடையாளமாக வைப்பார். துண்டால் கழுத்தைத் துடைப்பார். அப்புறம் மறுபடியும் லாபம். அந்த அடையாளப் பிடியை வேறு யாரும் தொடக்கூடாது. முதலாளியே தொட்டாலும் அன்றைய அளவு செல்லாது. இன்னொன்று, அவர் வாயில் ஒரு தடவை வந்த எண் வந்ததுதான். திரும்ப அளக்கிற பேச்சே கிடையாது. திரும்ப அளந்தால் விற்கிறவனும் நம்ப மாட்டான், வாங்குகிறவனும் நம்ப மாட்டான், அப்புறம் அளவுக்காரன் எதற்கு?

வானத்தை அளக்க ஆரம்பித்தது யுத்த காலத்தில். ஒரு நாள் ராத்திரி தென்கிழக்கே பளிச்சென்று வெளிச்சம், கொஞ்சம் கழித்துத் தொம் தொம்மென்று சத்தம். ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று ஊரே மூட்டை கட்டியது. குற்றாலநாதனுக்குப் பயம் வந்தால் வாய் தன்னால் எண்ணும். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் அவர் எண்ணியது பதினைந்து மரக்கால். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அதே பதினைந்து. நகர்ந்து வருகிற விமானமாக இருந்தால் எண் குறைய வேண்டாமா? "இது ஒரே இடத்துல நிக்குது. பனவடலிசத்திரத்துல எவன் வீட்டுலயோ கல்யாணம், அதிர்வேட்டு போடுதான்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் படுத்துவிட்டார். மறுநாள் சத்திரத்திலிருந்து கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வெற்றிலை பாக்கோடு மண்டிக்கு வர, மூட்டை கட்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவிழ்த்தார்கள்.

அன்றிலிருந்து வானத்தில் எது மின்னினாலும், எது வெடித்தாலும் சங்கரன்கோவில் அவர் வாயைப் பார்க்கும். திசையை விரலால் காட்டுவார், தூரத்தை மரக்காலில் சொல்லுவார், அந்தத் திசையில் அந்தத் தூரத்தில் என்ன ஊர் என்பது வண்டிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். கழுகுமலைத் திருவிழா வாணமா, கல் உடைக்கிற வேட்டா, சும்மா இடியா, சொல்லிவிடுவார். 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

இந்த விஷயத்தில் அவரை அதிகம் நம்பியவள் இசக்கித்தாய். மண்டியில் கூட்டிப் பெருக்குகிற பெண். அவர் அளக்கும்போது தானியம், குவித்து வைத்த அம்பாரத்தைச் சுற்றிச் சிந்தும். கோட்டை முடிந்து அவர் அடையாளம் வைத்துக் கழுத்தைத் துடைக்கிற நேரத்துக்குள் விளக்குமாற்றால் ஒரு சுற்றுக் கூட்டிச் சேர்த்துவிடுவாள். ஆறு வருஷமாக இதே வேலை, கை தன்னால் போகும். ஐம்பத்தொன்றாம் வருஷம் மழை பொய்த்து ஊரெங்கும் கிணறு தோண்டினார்கள் அல்லவா, அப்போது அவள் புருஷன் உச்சிமாகாளி இளையரசனேந்தலில் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரியின் கிணற்றுக்குப் பாறைக்கு வேட்டு வைக்கப் போயிருந்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருவான். வெடிமருந்துப் பெட்டி களவு போகாமல் இருக்க, கிணற்று மேட்டில் குடிசை போட்டு அதற்குக் காவலும் அவன்தான்.

"பெட்டியிலதான் தலையை வச்சுப் படுக்கேன்னு பெருமையாச் சொல்லுதாரு அண்ணாச்சி" என்று ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து அந்த ஊர் இருக்கும் வடகிழக்கே ஒரு மின்மினி மின்னினாலும் அவரிடம் வந்து நிற்பாள். அவர் எண்ணிச் சொல்லுவார். ஆறு மரக்கால், பத்து மரக்கால். எதுவும் இளையரசனேந்தல் வரைக்கும் போகாது. அவளும் நிம்மதியாகக் கூட்டப் போய்விடுவாள்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வண்டிகள் வரத் தாமதமாகி, விளக்கு வைத்த பிறகும் அளவு நடந்துகொண்டிருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் குற்றாலநாதன் சோளம் அளக்கிறார், சுற்றிலும் நாலைந்து ஊர் வண்டிக்காரர்கள். திடீரென்று வடகிழக்கே வானம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மாடுகளின் நிழல் தரையில் ஓடிற்று. அப்புறம் எல்லாம் முன்னைவிட இருட்டு.

அவர் மரக்காலைப் போட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தார். இருபத்தொன்று வந்தது, சத்தம் வரவில்லை. இவ்வளவு நீளமாக வானத்தை அவர் அளந்ததே இல்லை. மடியிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சாக்கின் மேல் வைத்தார். கழுத்தைத் துடைத்தார். மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்கினார். ஏழாவது எண்ணில் மூன்று வெடி, அடுத்தடுத்து. மண்டியின் கூரைத் தகரம் நடுங்கியது.

"ஒரு கோட்டையும் ஏழு மரக்காலும். வடகிழக்கு" என்றார். விரலை மடக்கி ஊர்களை எண்ணினார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் அப்பிக் கிடந்தது. "இளையரசனேந்தலேதான். வேட்டு மருந்து மொத்தமாப் பத்திக்கிட்டு."

முதுகுக்குப் பின்னால் விளக்குமாறு விழுந்த பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. அட பாவி மனுஷா, இதைச் சொல்ல உனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா!

இசக்கித்தாய் அழவில்லை. அம்பாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். காதுக்குள் அவர் ராகம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. இருபத்தொண்ணே இருபத்தொண்ணு, அப்புறம் லாபம். அதற்கு நடுவில்? நடுவில் அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அவர் நிறுத்தியதும் அது பழக்கத்தில் அம்பாரத்தை ஒரு சுற்றுக் கூட்டி முடித்திருந்தது. கீழே பார்த்தாள். சோளம் ஒரு மணி சிந்தாமல் சேர்ந்து கிடந்தது. எழுந்தாள்.

"அண்ணாச்சி, நடுவுல நான் ஒரு சுத்துக் கூட்டியிருக்கேன். அதை நீங்க எண்ணலை."

"கோட்டை முடிஞ்சா நிக்கத்தானட்டி செய்யணும்?"

"தானியம் நிக்கும் அண்ணாச்சி. சத்தம் நமக்காக நிக்குமா?"

குற்றாலநாதன் கீழே கூட்டிச் சேர்த்திருந்த சோளத்தைப் பார்த்தார். வண்டிக்காரர்கள் அவரையே பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் கொண்டுவந்த சோளம் பூராவும் அவர் வாய்ச்சொல்லில்தான் சாக்குக்குள் போயிருந்தது. இந்த வாய் ஒரு தடவை தப்பியது என்று தெரிந்தால், நாளைக்கு எவன் வண்டியை இந்த வாசலில் அவிழ்ப்பான்? முதலாளி உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினார், பேசாமல் இரும் என்று. வாசல் டீக்கடைப் பாதுஷா கிட்டே வந்து காதோடு சொன்னான், பாவம் அந்தப் பிள்ளை, சும்மா தேறுதலுக்காவது ஆமாம் என்று சொல்லுங்கள் அண்ணாச்சி என்று.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தேறுதலுக்கு அளக்கதுக்கு நான் எதுக்கு வே?" என்றார். அப்புறம் இசக்கித்தாயைப் பார்த்து, "கூட்டு" என்றார்.

அவள் விளக்குமாற்றை எடுத்தாள். கூட்ட அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தரையை, எப்போதும் கூட்டுகிற வேகத்தில், அதைக் கொஞ்சமும் ஏற்றாமல் இறக்காமல், அம்பாரத்தைச் சுற்றிக் கூட்டி வந்தாள். வேகம் மாறவில்லை. மெதுவாகக் கூட்டினால் எண் கூடும், தன் புருஷன் இன்னும் பத்திரமாவான் என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அவள் ஏமாற்றவில்லை. அவர் எண்ணினார். லாபமே லாபம், ரெண்டே ரெண்டு, மூணே மூணு, நாலே நாலு. விளக்குமாறு தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது.

குற்றாலநாதன் நிமிர்ந்தார். அளக்கும்போது கடைசி வண்டிக்கும் கேட்கும்படி ஒரு குரல் உண்டு அவருக்கு, அந்தக் குரலில் சொன்னார்: "ஒரு கோட்டையும் பதினொண்ணும். இளையரசனேந்தலைத் தாண்டிப் போயிட்டு. முதல்ல சொன்னது என் தப்பு."

அப்படியானால் வெடித்தது என்ன என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார்.

"தெரியாது" என்றார் குற்றாலநாதன். சாக்கின் மேல் வைத்த அடையாளப் பிடியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் அன்றைக்கு அளக்காமல் வீட்டுக்குப் போனார்.

சொல்லியாயிற்றே தவிர, யாருக்குத் தூக்கம் வரும்? விடிவதற்குள் இசக்கித்தாய் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டாள். போனால், அவளுக்கு முன்னாலேயே குற்றாலநாதன் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். வெற்றிலை போடவில்லை. மண்டியில் முதல் மரக்கால் போட அவர் இல்லாதது முப்பது வருஷத்தில் அன்று ஒருநாள்தான்.

பஸ் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள், உச்சிமாகாளி இல்லை. ஐந்தாவதாக அவன், ஒரு கிழவியின் கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டு, சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டு இறங்கினான். இசக்கித்தாய் ஓடிப்போய் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், அதற்கப்புறம்தான் அழுதாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்து, "நேத்து வெளிச்சம் பார்த்தீயளா? எங்களுக்கும் வடகிழக்கேதான் தெரிஞ்சுது" என்றான். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் துடைக்கிறதுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

அது எரிகல், மேலே காற்றிலேயே எரிந்து வெடித்திருக்கும் என்று அப்புறம் ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் டீக்கடையில் விளக்கினார். குற்றாலநாதன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மண்டியில் ஒரு வாரம் கேலி ஓடியது. இரண்டு வண்டிக்காரர்கள், "அண்ணாச்சி, நடுவுல நின்னதையும் சேர்த்து அளந்தாச்சா?" என்று கேட்டார்கள். கேட்டார்களே தவிர, வண்டியை அதே வாசலில்தான் அவிழ்த்தார்கள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், அளவு பாதியில் இருக்கும்போது மேற்கு மலைப்பக்கம் எங்கேயோ தொலைவில் மின்னியது. வேலை நின்றது. டீக்கடை நின்றது. குற்றாலநாதன் மரக்காலைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். பத்து, பதினைந்து, இருபது. "இருபத்தொண்ணே இருபத்தொண்ணு..." என்றவர் நிற்கவில்லை. வாய் அதே மூச்சில் "லாபமே லாபம்..." என்று மேலே போய்க்கொண்டிருக்க, கை மட்டும் மடிக்குள் போய் ஒரு பிடி சோளத்தை எடுத்து, அடையாளம் வைக்கச் சொல்லி, திரும்பிப் பார்க்காமலே, இசக்கித்தாய் நிற்கிற பக்கமாக நீண்டது.