செல்வி டீச்சருக்குச் செய்த அர்ச்சனை

இன்று காலை கேகாலை பஸ்ஸில் செல்வி டீச்சரைப் பார்த்தேன். மடியில் தடித்த ஃபைல், முகத்தில் அதே பழைய களைப்பு.

மலைமேல் இருக்கும் எங்கள் தோட்டப் பள்ளிக்கு உதவி ஆசிரியராக வந்தவர். பிறகு கணக்கு டீச்சர். பிறகு, அதிபர் இல்லாத குறைக்குப் பதில் அதிபர். அப்போதும் மணியடித்துவிட்டு ஓடிவந்து கணக்குப் பாடமும் எடுப்பார். தை மாதத்திலிருந்து வலயக் கல்விப் பணிமனையில் கணிதத்துக்கு ஆசிரிய ஆலோசகர்.

அவருக்கு அந்த உயர்வு கிடைக்க வேண்டுமென்று மாரியம்மன் கோயிலில் ஒன்பது செவ்வாய் அர்ச்சனை செய்தவள் நான்தான். டீச்சருக்குப் பூர நட்சத்திரம். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.

"அக்கா, நீங்க வேண்டுனது பலிச்சிருச்சு" என்று சிரித்தார். "மக எப்படிப் படிக்கிறா?"

"இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுதுறா டீச்சர். நீங்க போனதிலிருந்து கணக்குப் பாடமே நடக்கல."

டீச்சர் ஃபைலைத் தடவினார். "உங்க ஸ்கூலுக்கும் வருவேன் அக்கா. கணக்கு டீச்சருக்கு ஆலோசனை சொல்றதுதானே இப்ப என் வேலை."

"அதக் கேட்டுக்க அங்க யாரு இருக்கா டீச்சர்?"

டீச்சர் இறங்கும்போது என் கையைப் பிடித்தார். "என்னையத் திருப்பி அனுப்பச் சொல்லி மட்டும் வேண்டிக்காதீங்க அக்கா. அந்த மலைய ஏறி ஏறி முட்டியே போயிருச்சு."

அப்படி வேண்ட எனக்கும் மனம் வரவில்லை. இந்தச் செவ்வாய், இனி வரவேண்டிய புது கணக்கு டீச்சருக்காக அர்ச்சனைத் தட்டு வாங்கப் போகிறேன்.

ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பாரே. இன்னும் வராத ஆளுக்கு என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.