ராணிக்குத் தண்ணி காட்டிய கதை

மாட்டு டாக்டருக்குப் படித்தவளுக்கு முதல் போஸ்டிங் தேனாம்பேட்டையில் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிக்னலில் நிற்கிற மாட்டுக்கா வைத்தியம் பார்க்கப் போகிறாய் என்று என் அண்ணன் கேட்டார். தொண்ணூறுகளில் அபிராமபுரத்துச் சந்துகளுக்குள் மாட்டுக் கொட்டகைகள் இருந்தது அவருக்குத் தெரியாது. எனக்கும்தான். வேலையில் சேர்ந்த அன்றே கஸ்தூரி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கஸ்தூரிக்கு என் வயதுதான் இருக்கும். சில கலப்பின மாடுகளை வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கறந்த பால் ஊற்றிப் பிழைத்தாள். அதில் ராணி என்ற மாட்டுக்கு, கன்று போட்டுக் கொஞ்ச நாளிலேயே பால் சரிந்துகொண்டு வந்தது. பருத்திக்கொட்டையைக் கூட்டினாள், புண்ணாக்கைக் கூட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கட்டுப்படியாகாமல் தரகருக்கு ஆள் விட்டிருந்தாள். அடுத்த வாரம் ஓட்டிப் போக வருகிறாராம்.

"கன்னுக்குட்டியிலேர்ந்து நான் வளத்தது டாக்டரம்மா. ஊசி கீசி போட்டாவது பால எறக்கிக் குடு" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, மடியில் கோளாறு இல்லை. சாணம் மட்டும் இறுகிக் கிடந்தது. தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிந்தது. தண்ணீர் எப்போது வைக்கிறாய் என்று கேட்டேன். காலையில் ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா தண்ணி காட்டுவதாகச் சொன்னாள். நடுவில் கிடையாதா என்றதற்கு, மாட்டு டாக்டருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

"இன்னா இப்டி கேக்கற? தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துனா பாலு நீத்துப்பூடும். அப்பால மாமிங்கல்லாம் பாக்கெட்டுப் பாலுக்குப் பூடுவாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றும் வந்தது. மாடு தண்ணீர் குடித்தால் பால் நீர்க்காது. குடிக்காவிட்டால்தான் பால் குறையும், போட்ட தீவனமும் வீண் என்று பொரிந்து தள்ளினேன். "நீ தண்ணியக் காட்டத்தான் காட்டறே, குடிக்க விடல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணிக்கு எங்கே போவது, லாரி வந்தால்தான் உண்டு என்றாள். அது நியாயமான கேள்வி.

பதில் கொட்டகையிலேயே இருந்தது. லாரித் தண்ணீரில் பெரும்பங்கு, சாணத்தோடு சேர்த்துத் தரையைக் கழுவியே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் சாணத்தை வாரி, துடைப்பத்தால் தேய்த்துவிட்டு, கடைசியில் ஒன்றிரண்டு வாளி ஊற்றினால் போதும் என்றேன். மிச்சமான தண்ணீர் ராணியின் முன்னால் சிமெண்டுத் தொட்டியில் எப்போதும் நிற்க வேண்டும். கூட்டிய தீவனத்தையும் பழைய அளவுக்கே கொண்டுவரச் சொன்னேன். தரகர் வருகிற வரைக்கும்தான் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்.

தரகர் வந்த அன்று ராணியின் மடியைப் பார்த்துவிட்டு, பேசிய விலைக்கு மேல் தருவதாகச் சொன்னாராம். கஸ்தூரி அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அதைக் கேட்ட சந்தோஷத்தில் அன்று முழுக்க நான் யார்மேலும் எரிந்து விழவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டானிக் எழுதுவதற்கு முன்னால் தொட்டியை எட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து வாங்க வேண்டியது பாதி சமயம் கொட்டகைக்குள்ளேயே வீணாகிக்கொண்டிருக்கும். கஸ்தூரி இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்.

பிறகு ஒருநாள் நான் அங்கே நின்றிருந்தபோது, வாடிக்கையாகப் பால் வாங்கும் பக்கத்து வீட்டு மாமி சந்தேகத்தோடு வந்தார்.

"ராணி கறவை குறைஞ்சுடுத்துன்னு அழுதுண்டிருந்தே. இப்போ ஒரு ஆழாக்கு அதிகமாக் கேட்டாலும் உடனே ஊத்தறே. நெஜத்தச் சொல்லு, ஜலம் விடறியா?"

நான் பையிலிருந்து பாலைச் சோதிக்கும் லாக்டோமீட்டரை எடுக்கப் போனேன். கஸ்தூரி முந்திக்கொண்டாள்.

"ஆமா மாமி, தண்ணிதான் வுடறேன். பால்ல இல்ல, ராணி வாயில."

மாமி தொட்டியில் முகம் புதைத்திருந்த ராணியைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டினார்.