சம்பளம் போதும் என்றவரிடம் நான் கேட்டது

முள்ளுக்காடாய்க் கிடந்த இடத்தில் பன்னிரண்டு அறை கட்டினேன். தண்ணீரே வராது என்று சொன்ன மண்ணில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். கம்பெனி வாசலில் தள்ளுவண்டி இட்லியில் ஆரம்பித்து, ஒரு காலத்தில் இரண்டு ஷிப்டுக்கும் சாப்பாடு அனுப்பினேன். ஒரே மகளைப் பட்டதாரி ஆக்கினேன். நான் படித்தது நாலாவது. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என்னைப் பார்த்துச் சிரித்த படிப்பாளிகள் என் ரூமில்தான் வாடகைக்கு இருந்தார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் ரூம் விடுகிறவனுக்குச் சம்பளக் கணக்கு தானாகப் பழகிவிடும். குடிவரும் பையனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். ஓவர்டைம் காசு, அதான் ஓ.டி., எல்லாம் சேர்த்துப் பெருசாகச் சொல்லுவான். "ஓ.டி. இல்லாத மாசம் கைக்கு இன்னா வரும்?" இதுதான் என் கேள்வி. மகளைப் பெண் பார்க்க வந்த அன்றும் மாப்பிள்ளையிடம் இதையே கேட்டேன்.

அவர் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னாண்ணே, நாங்க ரூமு கேட்டா வந்துகீறோம்? பொண்ணு கேட்டு வந்துகீறோம்" என்றார். வீடே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், "சமாளிச்சுக்குவேன் மாமா" என்றார்.

கல்யாணம் முடிந்ததும் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்து ஒரே வீடாக்கி அவர்களைக் குடிவைத்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம், வாடகை கொடுத்தே தீருவேன் என்றார். வாங்கிக்கொண்டேன். அந்த வாடகை அரிசியாகவும் பாலாகவும் சிலிண்டராகவும் என் மனைவி கையால் மகள் வீட்டுக்கே திரும்பிப் போனது. அதற்கு மேலேயும் போனது. மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்பது மகள் வாங்கிக்கொண்ட சத்தியம்.

இப்போது கம்பெனிகளே ஹாஸ்டல் கட்டிவிட்டன. பையன்களெல்லாம் அங்கே போய்விட்டார்கள். என் அறைகளில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கின்றன. சாப்பாட்டு ஆர்டரும் நின்றுவிட்டது. சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். மகள் வீட்டுக்குப் போகும் பாலும் அரிசியும் கேஸும் மட்டும் நிற்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு இனிப்பு டப்பாவோடு வந்தார். வாலாஜாபாத் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறாராம்.

"லோன் ஓகே ஆயிடுச்சு மாமா. நாளைக்குக் கையெழுத்து. இத்தினி நாளா என் ஒருத்தன் சம்பளத்துல நல்லாத்தானே கீறோம்? தவணையும் கட்டிறலாம்."

"ஓ.டி. இல்லாத மாசம்?" என்றேன்.

"அய்ய, மறுபடியும் ரூமு கேள்வியா?" என்று சிரித்தார்.

மகளைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனேன். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா அவரு மூஞ்சில நான் முழிக்கவே முடியாதுப்பா. உன் கால்ல வுழறேன், கம்முனு இரு."

"கம்முனு இருந்தா அந்த வூடும் போயிடும்மா. இனிமே குடுக்க என்கிட்ட இன்னா கீது?"

அவள் அழுதாள். சத்தியத்தை மீறுகிறோம் என்று தெரிந்துதான் உள்ளே போனேன். அவர் கொடுத்த இனிப்பு இன்னும் என் கையில் பிசுபிசுத்தது. பேரன் அவர் மடியில் உட்கார்ந்து, அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டிப்பாலைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, இந்தப் பாலு நான் வாங்குனது" என்றேன். "அரிசியும் கேஸும் அப்படித்தான். பொண்ணத் திட்டாதீங்க, நான்தான் குடுத்தேன். சம்பளம் போதும்னு நாலு பேருகிட்ட தாராளமா சொல்லுங்க. ஆனா என் பங்கையும் சேத்துச் சொல்லுங்க. சேத்துக் கணக்குப் பாத்துட்டு, அப்பால போய்க் கையெழுத்துப் போடுங்க."