மழை வந்தால் எரியும் காயில்

பாதி வாட்டைத் திருடியவள்

“என்னாம்மா இது? ஆயிரம் வாட்டுன்னு சொல்லித்தானே காயில் மாட்டுனீங்க? ஒரு மணி நேரமாச்சு, உலைத் தண்ணி தூங்குது. பாதி வாட்டை நீங்களே எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?”

இண்டூர் முனுசாமி, சோறாக்கும் காயில் ஹீட்டரை மேஜையில் வைத்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். நான் மாவுக் கையோடு நின்றேன். எண்பதுகளில் தர்மபுரியில், எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் வீட்டுக்காரரின் எலெக்ட்ரிக் ரிப்பேர் கடை. இந்தத் தொழிலில் ஷாக் அடிப்பது கம்பியில்லை, வாடிக்கையாளர். புருஷன் கடையை முன்னறையில் வைத்துக்கொண்டு அல்லாடும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கை வேலை தெரியும், கணக்கு ஆகாது. கான்வென்டில் சிஸ்டரிடம் முட்டியில் அடி வாங்கிப் படித்தவள் நான். காயில் வந்த அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினேன். “230 வோல்ட் வந்தா உங்க காயில் 4.35 ஆம்பியர் இழுக்கும். பெருக்கினா ஆயிரம் வாட். 230-ஐ 4.35-ஆல வகுத்தா 53 ஓம், அதுதான் காயிலோட ரெசிஸ்டன்ஸ். இப்ப இந்த வோல்ட் மீட்டரைப் பாருங்க, 160 வோல்ட். 160-ஐ 53-ஆல வகுத்தா மூணு ஆம்பியர். 160-ஐ மூணால பெருக்குங்க, 480 வாட். உங்க ஊரு பம்ப்செட்டு எல்லாம் ஒண்ணா ஓடுது, வோல்டேஜ் எங்கே ஏறும்?”

முனுசாமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கணக்கெல்லாம் கரெக்டுதாம்மா. சோறு வேகறதுக்கு ஒரு கணக்கு போடுங்களேன்.”

பாதியை வெட்டு, மீதியை இழு

அந்தக் கணக்கை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரன் போட்டுக்கொண்டிருந்தான். காயிலைச் சரிபாதியாக வெட்டுவான். மிச்சத்தை இழுத்து நீட்டித் தட்டில் மாட்டுவான். ரெசிஸ்டன்ஸ் பாதி, அதனால் கரண்ட் இரண்டு மடங்கு. 160 வோல்டிலேயே ஆறு ஆம்பியர், 960 வாட். காயில் செக்கச்செவேலென்று சிவக்கும், சோறு குழையும். எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே போக ஆரம்பித்தார்கள். அந்தக் கடை வருமானத்தில்தான் எங்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் நாமும் வெட்டலாம் என்றார். கூடாது என்றேன். என்றைக்காவது 230 வோல்ட் முழுசாக வந்தால் அதே பாதிக் காயில் ஒன்பது ஆம்பியர் இழுக்கும், இரண்டாயிரம் வாட். ஹீட்டர் மட்டுமா போகும், வீடே போகும் என்று கத்தினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “தர்மபுரிக்கு 230 எந்த வருஷம் வந்துச்சு, டீச்சரம்மா? வரப்ப மாலை போட்டு வரவேற்போம்.”

வெந்நீர்

அடுத்த தெரு ஹசீனாக்கா வந்தார். மகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் வேண்டும், ஹீட்டர் வெதவெதப்போடு நின்றுவிடுகிறது, வெட்டிக் கொடு என்றார். கைக்குழந்தை இருக்கிற வீடு, முடியவே முடியாது என்று சொல்லி என் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

வாசல் இறங்கியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “கணக்கை வெச்சுப் புள்ளையக் குளிப்பாட்ட முடியுமா, தங்கச்சி? நீயும் ரெண்டு பெத்தவதானே?”

வந்தது 230

மூன்றாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. இண்டூர் பக்கம் பம்ப்செட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஃபேன் பறந்தது, பல்பு வெளிச்சத்தில் கண் கூசியது, மீட்டர் முள் 230-இல் போய் நின்றது. மாலை எங்கே என்று கேட்கத் திரும்பினேன். இவர் முகத்தில் ரத்தமே இல்லை. “ஹசீனாக்காவுக்கு நேத்து வெட்டிக் குடுத்துட்டேன்” என்றார்.

செருப்புகூடப் போடாமல் சேற்றில் ஓடினேன். அடுப்படியெல்லாம் ரப்பர் கருகும் நாற்றம். பிளக் உருகி வழிந்திருந்தது, சுவிட்ச் போர்டிலிருந்து புகை. பக்கத்து அறையில் தாயும் பிள்ளையும். “யாரும் எதையும் தொடாதீங்க” என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் போய் மெயினை இறக்கினேன். பிள்ளை வீரிட்டு அழுதது. அதைவிட நல்ல சத்தத்தை என் காது அதுவரை கேட்டதில்லை.

ஹசீனாக்கா சுவரில் சாய்ந்தார். “வெந்நி அஞ்சே நிமிஷத்துல கொதிச்சுச்சு, தங்கச்சி. அப்புறம் போர்டும் கொதிச்சுச்சு.”

வரிசை

மறுநாள் காலை கடை வாசலில் பதினோரு ஹீட்டர்கள். எல்லாமே பஸ் ஸ்டாண்டு கடையில் வெட்டி, நேற்று போர்டோடு சேர்ந்து தீய்ந்தவை. அவன் கடையைத் திறக்கவே இல்லையாம். போன வாடிக்கை முழுசும் திரும்பி வந்திருக்கிறதே என்று நான் மகிழ்வதற்குள் முதலில் நின்ற முனுசாமி ஆரம்பித்தார்: “இந்த வாட்டி கால்வாசி மட்டும் வெட்டுங்க, போதும்.”

என் வீட்டுக்காரர் கருவியைத் தொடவில்லை. “அவங்க சொன்னாத்தான்” என்று என் பக்கம் கையைக் காட்டினார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் அந்த மரியாதை கிடைத்தது.

முழுக் காயில்தான், சோறு மெதுவாகத்தான் வேகும், இஷ்டமிருந்தால் நில்லுங்கள் என்றேன். யாரும் நகரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டு லைனில் இருக்க வேண்டியது ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் கம்பி. ஹீட்டர் ஒன்பது, விளக்கும் ஃபேனும் சேர்ந்தால் பத்து. போர்டு தீய்வதற்கு முன்னால் ஃபியூஸ் அல்லவா உருகிக் கரண்டை நிறுத்தியிருக்க வேண்டும்? பதினோரு வீட்டிலும் ஒன்றுகூடவா உருகவில்லை?

“ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லுங்க. உங்க வூட்டுல ஃபியூஸ் கம்பிக்குப் பதிலா என்ன தடிக் கம்பியைச் சுத்தி வெச்சிருக்கீங்க?”

முனுசாமி வானத்தைப் பார்த்தார், வரிசை முனுசாமியைப் பார்த்தது, என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியை மறைத்தாற்போல் போய் நின்றார். வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வருகிறது, வகுத்தால் ஓம் வருகிறது, இந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை எதுவும் வரவில்லை.