பத்து இருபதுக்குச் சாத்திய கதவு

முப்பத்தொரு வருடம் ரயில் கண்டக்டராக இருந்த அன்னெலி ஸ்கிராகென் வேலையை விடப்போகிறேன் என்றபோது, ஆல்ட்டோர்ஃப் ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் நம்பவே இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் பழைய வேன் ஒன்றை வாங்கி, எட்டே எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, மலைப்பாதைகளைச் சுற்றிக் காட்டப்போகிறாளாம்! "மெதுவாகப் போவோம்" என்று நோட்டீஸ் வேறு அடித்துவிட்டாள்.

அவளுடைய மேலதிகாரி காஸ்பர் நல்ல மனிதர்தான். வாய்தான் சும்மா இருக்காது.

"மெதுவாவா? நீயா? எம் பொண்டாட்டி ரெண்டு கையிலயும் பெட்டியோட ஓடி வந்தப்போ, மூஞ்சிக்கு நேரா ரயில் கதவைச் சாத்தினவதானே நீ!"

"உங்க வீட்டுக்காரம்மா நாப்பது செகண்டு லேட்டு."

"பாத்தியா, பாத்தியா! இன்னும் மனசுல வெச்சிருக்கே!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தவர், பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு அன்னெலி. ராஜினாமா வேணாம். ஆறு மாசம் சம்பளமில்லா லீவுன்னு எழுதிக்கிறேன். ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை, அஞ்சு மணி வரைக்கும் உன் எடம் உனக்குத்தான். வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் முடியாது."

தோற்றுத் திரும்பி வருவாள் என்று அவ்வளவு நிச்சயமா? அவளுக்குச் சுருக்கென்றது. அவர் எழுதிய லீவுத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. பயம் யாரை விட்டது!

கணவாய்ப் பாதையில் பனி விலகி வழி திறக்கவே ஜூன் ஆகிவிட்டது. முதலில் பதிவு செய்த இரண்டு கூட்டமும் மழைக்குப் பயந்து கழன்றுகொண்டன. கடைசியில், உருப்படியாக ஏழு பேர் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம், அந்த ஜூலை கடைசி வெள்ளிக்கிழமையிலேயே வந்து விழுந்தது. இன்றைக்கு இது சரியாக நடந்தால் போதும், காஸ்பரின் தாளை மறந்துவிடலாம் என்று விடியற்காலையிலேயே வேனின் கண்ணாடிகளை இரண்டு முறை துடைத்தாள்.

கிளாவுசன் கணவாய் வரை எல்லாம் தேனாகப் போனது. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஊர்னர்போடன் புல்வெளியில் வண்டியை நிறுத்தினாள். மாடுகள் சாலை நடுவில் நின்று அசைபோட்டன, சீஸ் கடை திறந்திருந்தது. "பத்து இருபதுக்குக் கிளம்பறோம்" என்றாள். பத்தரை வாக்கில் என்று சொல்ல அந்த நாக்குக்கு வராது, அது ரயில்வே வளர்த்த நாக்கு. பத்து இருபது ஆனதும் கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள், கிளம்பினாள். ரயிலில் யாராவது ஆள் எண்ணுவார்களா? மணியைத்தான் பார்ப்பார்கள்.

முப்பது நிமிடத்தில் கீழே லின்ட்டால் ஊர் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அருவி பார்ப்பதாக ஏற்பாடு. கதவைத் திறந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கினாள். ஆறு பேர்தான் இறங்கினார்கள்.

"இம்ஹோஃப் அம்மா எங்க?"

ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஓடர்மாட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவங்க வரலைங்க. பத்து இருபதுக்கு அவங்க வண்டில இல்ல."

"இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. சீஸ் கடைப் படியில எறங்கிட்டிருந்தாங்க. கைத்தடியைக்கூடத் தூக்கி ஆட்டினாங்க."

"அட, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!"

ஓடர்மாட் நிஜமாகவே விழித்தார். "பத்து இருபதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்லிவிட முடியாது. தெருவில் பர்ஸ் கிடந்தால் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். ஆனால் தாமதமாக வந்தவள் தாமதமாக வந்தவள்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை.

எழுபத்தொன்பது வயது அம்மாள். 'என் முழங்கால் மெதுவாத்தான் வரும், பரவாயில்லையா?' என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினாள். பரவாயில்லை என்று இவளும் பெரிய மனசோடு சொன்னாளே, சீ!

"ஏறுங்க எல்லாரும். திரும்பிப் போறோம்."

"பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு சொல்லியிருக்கு" என்றார் ஓடர்மாட்.

"ஆறிப்போனா ஆறிப்போகட்டும்."

"நல்லா இருக்கே நியாயம்! அந்தம்மாவுக்கு மலைப்பாதை மஞ்சள் பஸ் வரும். லேட்டா வந்தது அவங்க, பட்டினி கிடக்கறது நாங்களா? ரூல்னா ரூல்தான்."

அன்னெலிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "முப்பத்தொரு வருஷம் இதையேதான் நானும் சொன்னேன், ஓடர்மாட்! ஓடி வந்தவங்க மூஞ்சி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒண்ணொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கு. சம்பளம் வாங்கிட்டுச் செஞ்சேன். இனிமே யார் சொன்னாலும் செய்யமாட்டேன். பதினொண்ணு நாலுக்கு ரயில் இருக்கு. போறவங்க தாராளமாப் போகலாம், பணம் முழுசாத் திரும்பி வந்துடும்."

ஓடர்மாட் தொப்பியை எடுத்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னால் ஸ்டேஷனைப் பார்க்க நடந்தார்கள். மிச்சம் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வண்டியில் ஏறினார்கள். முதல் பயணம் பாதியிலேயே பாதியாகிவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. அழுதால் வளைவில் வண்டி ஓட்ட முடியாது என்று விழுங்கிக்கொண்டாள்.

சீஸ் கடை வாசல் பெஞ்சில் இம்ஹோஃப் அம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்னெலி வண்டியை நிறுத்தி ஓடினாள்.

"மன்னிச்சிடுங்கம்மா, மன்னிச்சிடுங்க!"

"எதுக்கு? நான்தானே லேட்டு." கிழவியின் குரலில் கோபம் துளிகூட இல்லை. "ரெண்டு மணிக்கு பஸ்ஸுன்னாங்க. உக்காந்திருக்கேன். நீ ஏன் பொண்ணே திரும்பி வந்தே? மத்தவங்க சாப்பாடு என்னாச்சு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"நீங்க லேட்டு இல்ல!"

"பத்து இருபதுன்னா பத்து இருபதுதானே."

"இல்லங்கறேன்!" அவள் போட்ட சத்தத்தில் சாலையில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. "அவசரப்பட்டது நானு. என் வண்டில நீங்க வர்ற நேரந்தான் நேரம். புரியுதா?"

இம்ஹோஃப் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள், காலியான இருக்கைகளைப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப, அந்தப் பழைய சீஸ்ல இன்னும் ரெண்டு ருசி பாத்துட்டு வரட்டுமா? அவசரத்துல சரியாவே பாக்கல."

கைத்தடியை ஊன்றி மறுபடி கடைக்குள் போனாள். காத்திருந்த மூன்று பேரும் சற்றே தயங்கி, பிறகு அவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அன்னெலியின் பையில் போன் அடித்தது. காஸ்பர்.

"மூணு பேர் கோவிச்சுக்கிட்டு ரயிலேறிட்டாங்களாமே? ரயில்ல இருந்த நம்ம ஆள் சொன்னான். விடு அன்னெலி, யாருக்கும் நடக்கறதுதான். அஞ்சு மணிக்குள்ள வா, கையெழுத்துப் போடு. நான் இங்கதான் இருப்பேன்."

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க."

"பைத்தியமா உனக்கு? நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சாச்சு."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "சரி, சாயங்காலம் வந்து நேர்ல பேசு. அங்கேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பறே?"

கடைக் கதவு வழியாக அன்னெலி உள்ளே பார்த்தாள். இம்ஹோஃப் அம்மாள் கடைக்காரனிடம் இன்னொரு துண்டு வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெரியாது, காஸ்பர்" என்றாள்.