பல் முளைத்த மாதம்

என் தங்கையின் மகனுக்கு முதற்பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை கொட்டியவன் நான்தான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. தாய்மாமன் கொட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே மாமன் நான். அதற்குப் பிறகு ஊர் கட்டிய கதைதான் பொய்.

எழுபதுகளின் தொடக்கம். பேக்கரி வாசலில் பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலம். தங்கையின் வீடு உப்புவெளியில். அம்மாவின் அண்ணன் மகனுக்கே அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். முற்றத்தில் பாய் விரித்து, பிள்ளையை நடுவில் இருத்தி, முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி, கத்தரிக்கோல் என்று பரப்பியிருந்தார்கள். பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் பிற்காலத்தில் அதன் தொழில் என்று ஒரு விளையாட்டு. எனக்குத் துறைமுகத்தில் மின்சாரப் பகுதியில் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் கிடக்கும். அதையும் எடுத்துத் தட்டில் போட்டேன்.

"ஏன் அண்ணா, என்ரை பிள்ளையும் தூணிலை ஏறிக் கரண்ட் அடிபட வேணுமோ?" என்று தங்கை சிரித்தாள்.

பிள்ளை அப்போது கொழுகொழுவென்று, கன்னம் சிவந்து இருந்தான். தேங்காய்ச் சொட்டுப் பதித்த சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளை அவன் தலையில் மெல்ல மெல்லச் சொரிய வேண்டும். எனக்கு எதையும் மெல்லச் செய்து பழக்கமில்லை. பாத்திரத்தை உயரத் தூக்கி ஒரேயடியாகக் கவிழ்த்தேன். பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டான். மூச்சு அடங்கி, முகம் நீலம் பாரித்து, பிறகுதான் அழுகை வந்தது. நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவன் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த கிழமைகளில் பிள்ளை வெளிறத் தொடங்கினான். முதலில் உள்ளங்கை. பிறகு உதடு. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. பால் குடிக்கவும் களைத்தான், பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிப்போவான். தங்கையின் மாமியார், எங்களுக்கும் முறைக்கு மாமிதான், அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பிள்ளை பயந்திட்டான். அண்டைக்கு மாமன் கொட்டின கொட்டிலை இரத்தம் சுண்டிப் போச்சு."

இரத்தம் சுண்டிப்போவது எங்கள் எல்லாருடைய வாயிலும் நாள்தோறும் வருகிற கதை. நிலாவெளி பஸ் சடாரென்று பிரேக் போட்டால் இரத்தம் சுண்டிப் போச்சு. இருட்டில் மான் குறுக்கே பாய்ந்தால் இரத்தம் சுண்டிப் போச்சு. ஒருவரும் அதை உண்மை என்று எடுப்பதில்லை. மாமி எடுத்துக்கொண்டார். நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கோயிலில் நேர்த்தி வைத்தார்கள். முதலில் நான் சிரித்தேன். தங்கையும் அதையே சொல்லத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒருநாள் பிள்ளைக்கு அவித்து மசித்துக் கொடுக்கட்டும் என்று ஆட்டீரல் வாங்கிக்கொண்டு போனேன். தங்கை வேலிப் படலைக்கு ஓடி வந்தாள். பிறந்ததிலிருந்து என்னை நீங்கள் என்று கதைத்தவள்.

"இனி இந்தப் படலையைத் திறக்காதை. உன்ரை கை பட்டது காணும்."

"விசரி! கொழுக்கட்டை பட்டு ஆருக்கடி இரத்தம் வத்தினது?" என்று நானும் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன். ஈரலைப் படலையில் கொழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் என் மனுசியோடும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். அவள் என்ன செய்தாள், பாவம்.

பிறகு மச்சான், தங்கையின் புருசன், என்னைத் தேடித் துறைமுக வாசலுக்கு வந்தார். பிள்ளையை ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்க வைத்துவிட்டார்களாம். இரத்தம் ஏற்ற வேண்டுமாம், அவருடையது பொருந்தவில்லையாம். நான் போட்ட உடுப்போடு போனேன். என்னுடையது பொருந்தியது. என் கை ஆகாது, என் இரத்தம் ஆகும். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? ஆனால் பிள்ளையின் உதட்டில் மறுபடி நிறம் வந்ததைப் பார்த்தபோது எனக்கு எந்த நியாயமும் தேவைப்படவில்லை. தங்கை மர வாங்கிலில் குந்தியிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற்றிய இரத்தம் சில கிழமைகளுக்குத்தான் தாங்கியது. மறுபடி வெளிறினான், மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நான் கொடுக்க ஏலாது என்று டொக்டர் மறித்தார். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனேன். கிண்ணியாவிலிருந்து தினமும் வருகிற என் கூட்டாளி இரத்தம் கொடுத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் லோஞ்ச் படகைப் பிடிக்க ஓடினான்.

பரிசோதனைக்காகக் கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்த பிறகு, டொக்டரை நான் தனியாகப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைப் போலவே கோபக்காரர்.

"டொக்டர், பிள்ளை பயந்ததாலை இரத்தம் சுண்டுமோ?"

"ஆரப்பா உமக்கு இந்தக் கதை சொன்னது? இது தலசீமியா. பிறக்கேக்கையே உள்ள வருத்தம்."

"பிறக்கேக்கை பிள்ளை சிவப்பாய், நல்லாய்த்தானே இருந்தவன்? பல்லு முளைக்கும்வரைக்கும் ஒண்டுமில்லையே!"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "நீர் என்ன வேலை?" என்றார். சொன்னேன். கதிரையை இழுத்து இருக்கச் சொன்னார்.

அன்றைக்கு அவர் சொன்னதை இன்றுவரைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். உடம்பிலுள்ள ஒவ்வொரு உயிர்க்கலத்துக்குள்ளும் முழு உடம்பையும் செய்கிற கட்டளைகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்குப் பரம்பரையலகு என்று பெயர். நகத்துக்குள்ளும் கண்ணைச் செய்கிற கட்டளை இருக்கிறது, ஆனால் அங்கே அது மூடிக் கிடக்கிறது. எது எங்கே, எப்போது திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்பதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டு. "துறைமுகம் முழுக்க நீர் வயர் இழுத்திருக்கிறீர். எல்லா லைற்றையும் ஒரே நேரத்திலை போடுறீரோ? அதுமாதிரித்தான்."

இரத்தத்தைச் சிவப்பாக்குகிற ஈமோகுளோபினுக்கும் இரண்டு கட்டளைகள். தாயின் வயிற்றில் இருக்கும்போது ஒன்று வேலை செய்கிறது. பிறந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ள, பெரியவர்களுக்கான மற்றது திறந்துகொள்கிறது. பல் முளைக்கிற காலத்துக்குள் இந்த மாற்றம் அநேகமாக முடிந்துவிடும். எங்கள் பிள்ளைக்கு வயிற்றுக்குள் வேலை செய்த கட்டளை நல்லது. அதனால்தான் சிவப்பாகப் பிறந்தான். பழுது, பிறகு திறக்க வேண்டியதில். நல்லது மூடிக்கொண்டது, பழுதானதன் முறை வந்தது. அந்த நேரம் பார்த்து நான் பாத்திரத்தைக் கவிழ்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"அப்ப அந்த நல்லது எங்கை போட்டுது, டொக்டர்?"

"எங்கையும் போகேல்லை. அவனுக்குள்ளைதான் இருக்கு. பழுதில்லாமல், மூடிக் கிடக்கு."

நான் எழும்பிவிட்டேன். "பிறகென்ன! அதைத் திருப்பித் திறந்து விடுங்கோவன்!"

"அதைத் திறக்கிற கை இன்னும் உலகத்திலை ஒருத்தரிட்டையும் இல்லை," என்றார். கோபக்கார மனுசன், அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துபோனது.

பழுது எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி. பாதி இருக்கிறவருக்கு ஒன்றும் செய்யாது, இருப்பதே தெரியாது. இரண்டு பாதியும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால்தான் இப்படி. சொந்தத்துக்குள் கட்டினால் சேருவதற்கு வாய்ப்புக் கூட. அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடும். "உமக்கும் அந்தப் பாதி இருக்கலாம். உம்மடை மனுசி பிறத்தியாள், தப்பினீர்," என்றார்.

என் கை இல்லை! எனக்கு அந்த ஒன்றுதான் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து உப்புவெளிவரை சைக்கிளில் பறந்தேன். படலையைத் திறந்து, நடுமுற்றத்தில் நின்று, மாமிக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று வசனங்களைக் கட்டிக்கொண்டு போனேன். வேலிக்கு இப்பால் சைக்கிளை நிறுத்தும்போது குசினிக்குள் மாமியின் குரல் கேட்டது.

"பெத்தது ஒண்டு. அதுவும் வருத்தக்காரப் பிள்ளை. மற்றதை எப்ப பெறப் போறாய்? இல்லை, இதோடை காணுமெண்டு நினைப்போ?"

தங்கை சட்டியைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அங்கேயே நின்றுவிட்டேன். நான் உள்ளே போய் இரத்தத்தின் கதையைச் சொன்னால் என்ன ஆகும்? என் கை கழுவப்படும். அந்த நிமிஷமே மாமியின் வாயில் அது "உன்ரை இரத்தம்" ஆகிவிடும். மறுபாதி தன் மகனுடையது என்பதை மாமி கணக்கில் எடுப்பாரா? எடுக்கமாட்டார். சாகும்வரைக்கும் தங்கையைச் சொல்லியே தின்றுவிடுவார். நான் சைக்கிளைத் திருப்பினேன். பெரிய தியாகி ஒன்றுமில்லை. லிங்கநகரில் என் வீடு வரும்வரைக்கும் வழி முழுக்க வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் மிதித்தேன்.

அடுத்த முறை டொக்டரைக் கண்டபோது, "தங்கச்சிக்கு உந்தக் கதையைச் சொல்லாதேங்கோ," என்று கெஞ்சினேன். அவர் "ம்" என்று விட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு பிள்ளை வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. நல்லகாலம், வரவில்லை.

வருஷங்கள் ஆஸ்பத்திரியிலேயே போயின. பிள்ளை வளர்ந்தான், ஆனால் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. வயிறு வீங்கியது, கன்ன எலும்பு புடைத்தது. வாய் மட்டும் என்னுடைய வாய். ஒருநாள் ஊசியில் இரத்தம் ஏறிக்கொண்டிருக்க, "மாமா, உங்கட இரத்தம் ஏத்தினால் எனக்கும் கோவம் வருமோ?" என்றான்.

"வரும். கவனமாய் இரு," என்றேன்.

"அப்ப கிண்ணியா மாமாடையை ஏத்தச் சொல்லுங்கோ."

வார்டே சிரித்தது. தங்கையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள். நான் அவளைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

மாலையில் துறைமுகத்து ஜெற்றியில் பியூஸ் போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கம்பியை மாற்றிச் சுவிச்சைத் தட்டினால் கரை முழுக்க வெளிச்சம் பரவும். எல்லாரும் "ஆ!" என்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் தங்கையின் பிள்ளைதான் நினைவுக்கு வருவான். நல்லது அவனுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வாங்க வேண்டியதுகூட இல்லை. என் தொழிலே மூடிக் கிடப்பதைத் திறப்பது. ஒரு சின்னப் பொடியனுக்குள் கிடப்பதைத் திறக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அவனுக்கு ஒன்பது வயது நடந்தபோது இதயம் களைத்துப்போனது. ஒரு மத்தியானம், பார்வையாளர் மணி அடிக்க முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. மீசை முளைக்கிற கட்டளை, குரல் உடைகிற கட்டளை, ஒருநாள் நரைக்கிற கட்டளைகூட அவனுக்குள் இருந்திருக்கும். அவை தங்கள் முறை வருமென்று மூடிக் கிடந்தபடியே போயின. இதை நினைத்து நான் அழுத அழுகை கொஞ்சமல்ல. தங்கை அழவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் கண் கலங்காமல் தூணோடு சாய்ந்து நின்றாள். அழச் சொல்லிப் பெண்கள் கெஞ்சினார்கள்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து கொஞ்ச நாளில் தங்கை தனியாக என் வீட்டுக்கு வந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் முறை. என் மனுசி கதிரையைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். இனி இதைச் சுமந்து ஆருக்கு என்ன என்று எனக்குத் தோன்றியது. அவளாவது என்னைப் பழையபடி அண்ணனாகப் பார்க்கட்டுமே.

"பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்குக் கொழுக்கட்டை கொட்டினது..."

"தெரியும் அண்ணா."

"என்ன தெரியும்?"

"கொழும்பிலையிருந்து முடிவு வந்த அண்டைக்கே டொக்டர் சொன்னவர். என்னிலை பாதி, அவரிலை பாதி. அதுதான் இன்னொரு பிள்ளை வேண்டாமெண்டு இருந்தனான். மாமி ஏசினதெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

எனக்குத் தலை கொதித்தது. "அப்ப ஏனடி என்னை இத்தனை வருசம் படலைக்கு வெளியிலை நிக்க விட்டனீ?"

அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட கையெண்டு நினைச்சால் ஏசலாம், கோவிக்கலாம், படலையைச் சாத்தலாம். என்ரை இரத்தமெண்டால், நான் எதை அண்ணா சாத்துறது?"

நான் கத்துவதற்காகத் திறந்த வாயை மூடினேன். அவள் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன்.

"சரி பிள்ளை, அது என்ரை கையாவே இருக்கட்டும்," என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள்.