தண்ணீரில் கால் வைக்காதவன்

கடற்கரைக் காவலில் சேர்ந்தபோது என் உயரத்தை அளந்தார்கள், மார்பை அளந்தார்கள், மூச்சிரைக்க ஓடவும் விட்டார்கள். நீந்தத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். ஊருக்கெல்லாம் குடிக்க ஒரே ஊருணிதான். அதில் குடத்தை முக்கலாம், காலை வைக்கக் கூடாது. செருப்பை மேலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கடைசிப் படியில் குந்தி, கையை நீட்டி மொண்டு வர வேண்டும். தவறிப்போய் ஒரு விரல் நனைந்தால்கூட ஊரே கூடி வையும். "தண்ணியில கால வச்சிராதடா" என்று என் ஆத்தா சொன்ன அளவுக்கு வேறு எதையும் என்னிடம் சொன்னதில்லை. குளியலெல்லாம் வீட்டு உப்புக் கிணற்றடியில், வாளித் தண்ணீரில். இப்படி வளர்ந்தவன் நீச்சலை எங்கே போய்ப் படிப்பான்?

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த பிறகு எங்கள் பக்கத்து இளவட்டங்களுக்குக் காக்கிச் சட்டை மேல் ஒரு மோகம். எனக்குக் கிடைத்த காக்கி, ஜெகதாப்பட்டினத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கீற்றுக் கொட்டகையில் இருந்தது. இலங்கையிலிருந்து கிராம்பும் சோப்பும் திருட்டுத்தனமாக வரும், இங்கிருந்து கைலியும் பீடி இலையும் போகும். இரண்டையும் தடுப்பதுதான் எங்கள் உத்தியோகம். லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் போகிறவர்கள் கடலில் தடுப்பார்கள். நான் மணலில் நடந்து, கடலை முறைத்துப் பார்த்துத் தடுத்துக்கொண்டிருந்தேன். அலை பூட்ஸ் பக்கம் வந்தால் பின்னால் போய்விடுவேன்.

"கடலுக்கு வழி விடுற சிப்பாய இங்கதான்யா பாக்குறேன்" என்று கொட்டகையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆத்தா சொல்லை அவர்களா காப்பாற்றப் போகிறார்கள்?

கல்யாணம் ஆன பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. மனைவிக்குக் கொடும்பாளூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். கரைச் சிப்பாய்க்குக் குடும்பம் வைக்க வீடு கிடையாது. கொட்டகையிலோ எல்லாரும் ஒரே சமயத்தில் காலை நீட்டக்கூட இடமில்லை. அதனால் அவள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். லீவு கிடைத்தால் பஸ் மாறிப் பஸ் மாறிப் போவேன். போய்ச் சேர்ந்து முகம் கழுவுவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும். "வாரேன்" என்று சொல்லிப் பிரிவதிலேயே எங்கள் புது வாழ்க்கை கழிந்துகொண்டிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. அவளுக்கு அதைவிடப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இன்ஸ்பெக்டர் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு சேதி சொன்னார். "மெட்ராஸ்ல ட்ரெய்னிங் குடுக்குறாங்க. முடிச்சு வந்தா லாஞ்சுல வேலை. பிரமோஷன் உண்டு. நாகப்பட்டினத்துல குவார்ட்டர்ஸ் உண்டு."

குவார்ட்டர்ஸ் என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் பேசிய எதுவும் கொஞ்ச நேரம் என் காதில் ஏறவில்லை.

பயிற்சிகள் நாலைந்து விதம். என்ஜின் பயிற்சிக்கு எந்திரத்தோடு பழக்கம் வேண்டும். எனக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத்தான் தெரியும். வயர்லெஸுக்கு இங்கிலீஷ் வேண்டும். கொடியை ஆட்டிச் சேதி சொல்லும் பயிற்சிக்கு மேலிடத்தில் ஏற்கெனவே ஆள் பார்த்தாகிவிட்டதாகப் பேச்சு. மிச்சம் இருந்தது சுக்கான் பிடிக்கும் பயிற்சி, அதாவது லாஞ்சைத் திருப்பி ஓட்டுகிற வேலை. அதற்கு நல்ல கண் வேண்டும், நல்ல உடம்பு வேண்டும், நீச்சல் வேண்டும். எங்கள் பகுதிக்கு ஒரே ஓர் இடம். இந்தத் தடவை விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும், ஓய்வு பெறும்வரை மணல்தான்.

அந்த லீவில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், அப்புறம் முறைத்தாள்.

"நீச்சல் தெரியாதா? கடல்ல வேலை பாக்குறீங்கன்னுல எங்கப்பா பொண்ணு குடுத்தாங்க!"

"கடலுக்குப் பக்கத்துலதான் பாக்குறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் தோட்டத்துக் கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஊரில் பொம்பளைப் பிள்ளைகள்கூடக் கிணற்று மேட்டிலிருந்து பொத்தென்று குதிப்பார்கள். அவளும் அப்படிக் குதித்து வளர்ந்தவள்தான். என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுவது. அதற்குள் சேதி பரவி, வீட்டு ஆட்களும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் கிணற்றைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

அந்த ஊரில் நீச்சல் படிக்கிறவனைத் தூக்கி உள்ளே போடுவதுதான் முறை. முங்கி எழுந்து, நாலு வசவு வாங்கி, தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் நான் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை யார் தூக்கிப் போடுவது?

"ஒங்க சௌகரியம் போலக் குதிங்க மாப்பிள்ள, அவசரமில்ல" என்றார் மாமனார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

"காபியச் சாப்புட்டு வந்துகூடக் குதிக்கலாம்" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"தள்ளி விட்டுருவேன் மச்சான், அப்பா நிக்கிறாங்களேன்னு பாக்குறேன்" என்றான் மச்சினன்.

எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நானும் மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன். வெயில் ஏறியது.

"அப்பா, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்புங்க" என்றாள் மனைவி. மாமனார் திரும்பினார். முதுகில் ஒரு கை பட்டது. அடுத்து நான் பார்த்தது பச்சைத் தண்ணீர்தான்.

பெண்டாட்டி புருஷனைக் கிணற்றில் தள்ளிய கதையை அந்த ஊரில் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். நான் முங்கி, குடித்து, இருமி மேலே வந்தபோது அவள் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தாள். "காலக் கீழ விடாதீங்க. விட்டா முங்கிருவீங்க. காலு கீழயே போகக் கூடாது!" என்று கத்தினாள். ஆத்தா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. அந்த லீவு முடிவதற்குள் குடுக்கை இல்லாமலே மிதந்தேன். அழகாக நீந்தினேன் என்று சொல்ல மாட்டேன். சத்தமாக நீந்தினேன்.

தேர்வு நாளில் சென்னை அதிகாரி வந்து கரையில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போட்டிக்கு மூன்று பேர். ஒருவர் ராமநாதபுரத்துக் கடலோரத்துக்காரர், இன்னொருவர் காவிரிக் கரையில் குதித்து வளர்ந்த தஞ்சாவூர்க்காரர். மூன்றாவது, சுரைக்குடுக்கையில் படித்த நான். வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் இறக்கிவிடுவார்கள், கரைக்கு வந்து சேர வேண்டும். வேகமெல்லாம் கணக்கில்லை என்றார்கள். குவார்ட்டர்ஸை நினைத்துக்கொண்டு குதித்தேன்.

எங்கள் பக்கத்துக் கடல் பரம சாது. வள்ளம் நின்ற இடத்தில்தான் தலைக்கு மேல் தண்ணீர். பாதி வழியில் இடுப்பளவு, அப்புறம் முழங்கால்தான். மீன்காரர்கள் தினமும் கூடையோடு நடந்து வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் புத்தி, கழற்றிப் போட்ட சட்டையோடு கரையிலேயே கிடந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை வீசினேன், காலை அடித்தேன். காலு கீழ போகக் கூடாது, காலு கீழ போகக் கூடாது. மற்ற இருவரும் என்ன ஆனார்கள் என்றே தெரியாது. வயிற்றில் மணல் உரசியது. அப்போதும் விடாமல் நீந்தினேன். யாரோ தோளைத் தொட்டு, "போதும்பா, கரை வந்திருச்சு" என்றார்கள்.

கண்ணைத் திறந்தால் அந்த இருவரும் எனக்கு முன்னாலேயே வந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். போச்சு என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, ஏற்கெனவே முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

அதிகாரி எழுந்து அவர்களிடம் போனார். "பாதியில எழுந்து பேசிக்கிட்டே நடந்து வந்தீங்களே, நான் வச்சது ஸ்விம்மிங் டெஸ்ட்டா, வாக்கிங் டெஸ்ட்டா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இவன் ஒருத்தன்தான்யா கடைசி வரைக்கும் தரையில கால் வைக்கல. இவனை அனுப்புங்க."

சென்னைக்குக் கிளம்பும் முன் ஊருக்குப் போனேன். ஆத்தாவுக்குப் பயிற்சி, பதவி எதுவும் புரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடல்ல கால வச்சியாடா?"

"வைக்கல ஆத்தா. அதனாலதான் குடுத்தாங்க" என்றேன். பெருமையில் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

பயிற்சி முடிந்து நாகப்பட்டினத்தில் சாவி கொடுத்தார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி. மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் அந்தச் சுரைக்குடுக்கை.

"இதை எதுக்குச் சுமந்துக்கிட்டு வந்தே?"

"அடுத்த ட்ரெய்னிங்குன்னு ஒண்ணு வராமயா போயிரும்?"

சாமி படம் மாட்டுவதற்கு முன்னால் அதைத்தான் சுவரில் மாட்டினாள். அன்றைக்குச் சாயங்காலம் பழக்க தோஷத்தில் எழுந்து செருப்பைத் தேடி, "வாரேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கும் போக வேண்டியதில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.